இடிபாட்டு மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம்

1936 பேர்லின் ஒலிம்பிக் அரங்கின் படத்தைப் பாருங்கோ. கல் போர்த்திய கனத்த தூண்கள், மனிசரைச் சின்னதாக்கிக் காட்டும் கட்டடம். ஹிட்லருக்கு வேண்டியதும் அதுதான்.

1972 ஒலிம்பிக் மியூனிக்குக்குக் கிடைத்தபோது, 'நாங்கள் மாறிவிட்டோம்' என்று உலகத்துக்குக் காட்ட மேற்கு ஜேர்மனி விரும்பியது. 1967இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் குந்தர் பேனிஷின் குழு வென்றது. அவர்கள் அரங்கின் பெரும்பகுதியைப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். கூரைக்கு ஃப்ரை ஓட்டோ வந்து சேர்ந்தார். கம்பங்களில் எஃகு வடங்களாலான வலையைத் தொங்கவிட்டு, ஒளி புகும் அக்ரிலிக் தகடுகளால் மூடினார்கள். அரங்கு, உள்ளக மண்டபம், நீச்சல் மண்டபம் எல்லாவற்றுக்கும் மேலே ஏறத்தாழ 75,000 சதுர மீற்றர் கூடாரம்!

பேனிஷ் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி. ஓட்டோ போர் விமானி. பக்கத்தில் நிற்கும் பச்சை மேடு, குண்டுவீச்சில் இடிந்த நகரத்தின் கல்லும் மண்ணும்தான்.

காவலையும் அதே மனநிலையில் இலேசாக வைத்தார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி விடிய முன்னம் ஆயுதக்குழுவொன்று வேலியேறி வீரர் குடியிருப்புக்குள் நுழைந்தது. இஸ்ரேல் அணியின் 11 பேர் கொல்லப்பட்டார்கள். மீட்பு முயற்சியும் படுதோல்வி.

அந்தக் கூரையை எழுப்ப ஐந்து வருசம் போதுமாயிருந்தது. ஜேர்மன் ஜனாதிபதி அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது 2022இல், 50 வருசம் கழித்து. கூரை இன்றும் அழகுதான். ஆனால் ஒரு நாடு மாறிவிட்டதா என்று பார்க்க, நாங்கள் அந்த இரண்டாவது கணக்கையும் கேட்கவேணும்.