யாருக்கெல்லாம் நகல் போயிற்று?

கோப்பைப் பிரித்ததும் என் கண் முதலில் போவது கடிதத்தின் அடிக்கு. அங்கேதான் 'நகல்' என்று போட்டு வரிசையாகப் பெயர்கள் இருக்கும். யாருக்கு எழுதினார்கள் என்பது மேலே தெரியும்; யாருக்கெல்லாம் தெரியட்டும் என்று நினைத்தார்கள் என்பது கீழேதான் தெரியும். ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் கட்டுக்கட்டாகக் கோப்புகளை அடுக்கியும் எடுத்துக்கொடுத்தும் காலம் போனதில் வந்த பழக்கம் இது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இப்போது நான் படிக்கும் கோப்புகள் மட்டும் வேறு. அமெரிக்க, பிரிட்டிஷ் சிகரெட் கம்பெனிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட தாள்கள்.

அவை வெளியே வந்ததே பெரிய கதை. 1998 மே மாதம் மினசோட்டா மாநிலம் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் 46 மாநிலங்களோடு பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது. பணம் கட்டியதோடு போகாமல், கம்பெனிகள் தங்கள் கோப்புகளையும் திறந்துவிட வேண்டியதாயிற்று. இன்று சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தின் நூலகம் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கேட்பதில்லை, சிபாரிசுக் கடிதமும் வேண்டாம். சிகரெட்டால் புற்றுநோய் வரும் என்பது கம்பெனிகளுக்கே தெரிந்திருந்தது என்று காட்டும் தாள்கள்தான் இவற்றில் பிரசித்தம். நான் திரும்பத் திரும்பப் போவது வேறொரு கட்டுக்கு: புகைப்பழக்கத்தை எதிர்த்தவர்கள் என்ன செய்கிறார்கள், எங்கே கூடுகிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கம்பெனிகள் எழுதிவைத்த கட்டு.

அது 1953-இல் தொடங்குகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும், அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் விண்டரும் எவர்ட்ஸ் கிரகாமும் நுரையீரல் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் கடுமையாகப் புகைப்பவர்கள் என்று எழுதியிருந்தார்கள். 1953-இல் விண்டர் சிகரெட் தாரை எலிகளின் முதுகில் தடவிப் புற்று வரவைத்துக் காட்டினார். அந்த டிசம்பர் நடுவில், நியூயார்க் பிளாசா ஹோட்டலில், ஒருவரோடொருவர் போட்டி போட்டு வந்த கம்பெனித் தலைவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஜான் ஹில் நடத்திய ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை வேலைக்கு அமர்த்தினார்கள். 1954 ஜனவரி 4-ஆம் தேதி 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. மக்களின் ஆரோக்கியத்தைக் காப்பவர்களோடு நெருங்கி ஒத்துழைப்போம் என்பது அதில் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று. நெருங்கத்தான் செய்தார்கள். ஜான் ஹில்லின் ஆட்கள் மருத்துவ இதழ்களை இதழ் விடாமல் படித்து, வெட்டி, தலைப்புவாரியாகக் கோப்பு போட்டார்கள். பாதகமான கட்டுரை வெளிவரும்போதே மறுப்பும் கையில் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

அடுத்த பத்தாண்டில் அரசாங்கமே கதவைத் திறந்துவிட்டது. 1962-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி புகைப்பழக்கத்தை ஆராயக் குழு அமைத்தபோது, சுமார் 150 நிபுணர்களின் பட்டியலை மருத்துவ அமைப்புகளோடு புகையிலைத் தொழிலின் பிரதிநிதிகளிடமும் நீட்டினார். வேண்டாத பெயரை அடித்துவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அப்படி யாரும் ஆட்சேபிக்காமல் மிஞ்சியவர்களிலிருந்து எடுத்த பத்துப் பேர் எழுதிய அறிக்கை 1964 ஜனவரி 11, சனிக்கிழமை வெளியானது. புகைப்பது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அது திட்டவட்டமாகச் சொன்னது. தாங்களே வடிகட்டிய குழு என்பதால், ஒருதலைப்பட்சம் என்று கம்பெனிகளால் வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. குழுவைத் தேர்ந்தெடுப்பதில் கைவைத்தும் முடிவை மாற்ற முடியாது என்ற பாடம் அதில் இருந்தது. இனி மேசைமேல் கேட்டு வாங்குவதைவிட மேசைக்கு அடியில் காது வைப்பதே மேல் என்று தோன்றியிருக்க வேண்டும். பிறகு வந்த தாள்களைப் படித்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

1977 ஜூன் மாதம் இங்கிலாந்தில், பாத் நகருக்குப் பக்கத்தில் ஷாக்கர்விக் ஹவுஸ் என்ற மாளிகையில், இரண்டு கண்டங்களின் பெரிய சிகரெட் கம்பெனித் தலைவர்கள் ரகசியமாகக் கூடினார்கள். இம்பீரியல் டொபாக்கோவின் தலைவர் டோனி காரெட் தொடங்கிவைத்த இந்த ஏற்பாட்டுக்கு 'ஆபரேஷன் பெர்க்‌ஷயர்' என்று பெயர். எந்தக் கம்பெனியும் தனியாகச் சமாதானம் பேசிவிடக் கூடாது என்பது சாராம்சம். அதிலிருந்து பிறந்த அமைப்பு ஐகோசி. 1979-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த நான்காவது உலகப் புகைப்பழக்க எதிர்ப்பு மாநாட்டைக் கவனிக்க அது தனிக் குழுவே போட்டது. 1981-இல் அதன் பெயர் இன்ஃபோடாப் என்று மாறியது. எந்த நாட்டில் என்ன சட்டம் வரப்போகிறது, எந்த மருத்துவர் எங்கே பேசினார் என்பதைத் திரட்டி உறுப்பினர்களுக்கு அனுப்புவது அதன் அன்றாட வேலை. எங்கள் ஊர் தபால் பிரிவைப் போலத்தான்: வந்த தாளுக்கு எண் போட்டு, உரியவர் மேசைக்கு அன்றே அனுப்பிவிட வேண்டும்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் பொது மேடையில் நடப்பதைக் கவனிப்பதுதான். அது குற்றமில்லை, எதிராளி என்ன பேசுகிறான் என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள். ஸ்டாட், இன்ஃபாக்ட் என்ற இரண்டு சிறிய அமெரிக்க அமைப்புகளின் கதைக்கு வரும்போதுதான் கோடு தாண்டப்படுகிறது. ஸ்டாட், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகரெட் விற்பதை எதிர்த்தது. இன்ஃபாக்ட், 1977-இல் நெஸ்லேயின் பால்மாவைப் புறக்கணிக்கச் சொல்லி எழுந்த அமைப்பு. 1990-களில் அது புகையிலைப் பக்கம் திரும்பியது. அந்த நெஸ்லே சண்டையில் கம்பெனி தரப்பில் நின்று பழகிய ஜாக் மங்கோவன் பிறகு நடத்திய நிறுவனத்தைத்தான் சிகரெட் கம்பெனி இவர்களைப் பற்றி எழுதித்தர அமர்த்தியது. பழைய எதிரிகள், புதிய சம்பளம்.

ரூத் மலோன் என்ற ஆய்வாளர் இந்தக் கட்டைப் படித்து 2002-இல் எழுதினார். இடைத்தரகர்களை வைத்து, பொய்க் காரணம் சொல்லி, இந்த அமைப்புகளின் வெளியீடுகளை வாங்கியிருக்கிறார்கள். கூட்டங்களுக்கு மக்கள் தொடர்பு நிறுவனத்தின் ஆட்கள் போயிருக்கிறார்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று உள்ளே பேசியதை ஒலிநாடாவில் திருட்டுத்தனமாகப் பதிந்திருக்கிறார்கள். யாருக்கு யாரோடு கருத்து ஒத்துப்போகவில்லை, அந்த விரிசலில் எதைச் செருகலாம் என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். இவர்களுக்கு வரும் நிதியை வேறு பக்கம் திருப்பிவிடுவது எப்படி என்றும் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு வாடகை அறையில் தன்னார்வலர்கள் கூடிப் பேசுவதற்கு இத்தனை கேட்பவர்கள்! அந்த நாடாக்கள் யாருக்காக எழுத்தாக்கப்பட்டன, நகல் எந்த மாடி வரை ஏறியது என்றுதான் என் புத்தி போகும்.

எனக்கு மிகவும் உறைத்தது இன்னொரு முறை. அதில் திருட்டே இல்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1991 முதல் 1999 வரை 17 மாநிலங்களில் 'அசிஸ்ட்' என்ற திட்டத்தை நடத்தியது. நோயாளிக்கு அறிவுரை சொல்வதோடு நிற்காமல், வரி, புகையில்லா இடம், விளம்பரக் கட்டுப்பாடு என்று கொள்கையை மாற்றுவதே அதன் வழி. கம்பெனிகளின் தரப்பு அங்குள்ள தகவல் அறியும் சட்டத்தைக் கையில் எடுத்தது. கூட்டக் குறிப்பு, கடிதப் போக்குவரத்து, செலவுக் கணக்கு என்று பெட்டி பெட்டியாக நகல் கேட்டார்கள். கிடைத்த தாள்களை வைத்து, அரசுப் பணத்தில் சட்டவிரோதமாக ஆதரவு திரட்டுகிறார்கள் என்று புகார் கொடுத்தார்கள். புகார் நிற்கிறதோ இல்லையோ, திட்டத்தின் ஊழியர்கள் திட்டத்தை விட்டுவிட்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதையும் எழுத்தில் வைக்கவே பயந்தார்கள்.

தமிழ்நாட்டில் 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 2005-இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. மனுக்களுக்குப் பதில் தயாரிக்கும் மேசைக்குக் கோப்பு எடுத்துக்கொடுத்தவள் நான். பட்டா மாறாத விவசாயி ஒரு பத்து ரூபாய் மனுவில் பதினைந்து வருடக் கோப்பை அசைத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் கேட்கும் உரிமை எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும் கேட்கும் வசதி ஒன்றல்ல. சம்பளத்துக்கு வக்கீல் வைத்திருப்பவன் ஓர் அலுவலகத்தையே கேள்வியால் மூடிவிடலாம். அவனிடம் திருப்பிக் கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை, ஏனென்றால் அது அரசாங்கத்தின் கோப்புக்கு. கம்பெனியின் கோப்புக்கு இல்லை.

கம்பெனியின் கோப்பு வெளியே வர ஒரு நகல் எடுப்பவர் தேவைப்பட்டார். பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனியின் வழக்கறிஞர்களிடம் வேலை பார்த்த மெரல் வில்லியம்ஸ் என்ற சட்ட உதவியாளர், தன் கைக்கு வந்த தாள்களை ரகசியமாக நகலெடுத்தார். 1994 மே மாதம் சுமார் 4,000 பக்கங்கள் கொண்ட பெட்டி, அனுப்பியவர் பெயரில்லாமல், பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸின் அலுவலகத்துக்கு வந்தது. அவர் அதைத் தன் பல்கலைக்கழக நூலகத்தில் வைத்தார். 1995 தொடக்கத்தில் கம்பெனி தாள்களைத் திருப்பிக் கேட்டது. யார் யார் படித்தார்கள் என்ற பதிவேட்டையும் கேட்டது. தனியார் துப்பறிவோர் நூலகத்துக்கு வந்து உட்கார்ந்து, படிக்க வருபவர்களை வேவு பார்த்தார்கள். நூலகம் பணியவில்லை. வழக்கில் கம்பெனி தோற்றது; 1995 ஜூலை 1 அன்று தாள்கள் இணையத்தில் ஏறின. யார் எந்தக் கட்டைக் கேட்டார் என்பதை மூன்றாம் மனிதரிடம் சொல்லக் கூடாது என்பது பதிவறையில் வேலை பார்த்த யாருக்கும் தெரிந்த நாகரிகம். அந்த நூலகர்களை நான் இப்போதும் மனதுக்குள் வணங்குகிறேன்.

இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டில் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ வைத்திருந்த ஆவணக் கிடங்கின் நிலைமை வேறு. சுமார் 40,000 கோப்புகள் அங்கே இருந்தன. சட்டப்படி திறந்திருந்தது, ஆனால் சாவி கம்பெனி கையில். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று கட்டுப்பாடு, கேட்ட நகல் வரப் பல மாதம். வருபவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதையும் கம்பெனி கவனித்தது என்று அங்கே போய்வந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். வேவு பார்த்த கதையைப் படிக்கப் போனவர்களையே வேவு பார்த்திருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் தப்பவில்லை. குரோ ஹார்லம் புருண்ட்லண்ட் தலைமை இயக்குநராக இருந்தபோது, சுவிட்சர்லாந்தின் தாமஸ் செல்ட்னர் தலைமையில் ஒரு குழு இந்தத் தாள்களைப் படித்து 2000-இல் அறிக்கை கொடுத்தது. அந்த நிறுவனத்தையே கம்பெனிகள் தங்கள் முதன்மை எதிரிகளில் ஒன்றாக வைத்திருந்தன, கூட்டங்களைக் கண்காணித்தன, நிதியைக் குறைக்க வழி தேடின, 1992 புவெனஸ் ஐரிஸ் மாநாட்டிலிருந்து செய்தியாளர்களைத் திசைதிருப்ப ஏற்பாடு செய்தன என்று அது எழுதியது. அதன் பிறகு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3-ஆம் பிரிவு, புகையிலைத் தொழிலின் நலனிலிருந்து கொள்கையைக் காப்பது அரசுகளின் கடமை என்கிறது. அனுபவித்தவர்கள் எழுதிய பிரிவு.

அதோடு முடிந்ததா? 2016 நவம்பரில் அந்த உடன்படிக்கையின் ஏழாவது மாநாடு டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் நடந்தது. பிலிப் மாரிஸ் இன்டர்நேஷனலின் அதிகாரிகள் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு ஹோட்டலில் முகாமிட்டு, மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளோடு தொடர்பு வைத்திருந்தார்கள் என்று ராய்ட்டர்ஸ் 2017 ஜூலையில் ஆவணங்களோடு எழுதியது. தாங்கள் செய்தது முறையானதே என்பது கம்பெனியின் பதில்.

இவ்வளவு படித்ததில் எனக்குப் பயன்பட்டது கோபம் இல்லை. பதிவறையில் எந்தக் கோப்பு முக்கியம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எதை அடிக்கடி மேலே கேட்டு அனுப்புகிறார்கள் என்று பார்த்தாலே தெரியும். கம்பெனிகள் எதைக் கேட்டுக் கேட்டு வாங்கின? வரியை, புகையில்லா வேலையிடத்தை, தடுப்புப் பணிக்கென்று ஒதுக்கிய நிதியை. எல்லாவற்றிலும் வரிதான் விற்பனையை அதிகம் அடிக்கிறது என்று பிலிப் மாரிஸின் 1985 தாள் ஒன்று சொல்கிறது. வேலையிடத்தில் முழுத் தடை வந்தால், சராசரியைவிட 84 சதவீதம் அதிக வேகத்தில் ஆட்கள் பழக்கத்தை விடுகிறார்கள் என்று 1992-இல் அதே கம்பெனியின் குறிப்பு கணக்குப் போட்டது. இன்னொரு பக்கம், பிள்ளைகளிடம் புகைக்காதே என்று சொல்லச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவுரைப் புத்தகம் அச்சிட்டது யார்? 1990-இல் கம்பெனிகளின் சொந்தச் சங்கமே அதைச் செய்தது.

ஆகையால் உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 அன்று இங்கே அலுவலகங்களில் உறுதிமொழி எடுப்பதையும், பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து வெயிலில் நடப்பதையும் பார்க்கும்போது நான் குறை சொல்வதில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதைக் குறிப்பெடுத்து வரச் சொல்லி யாராவது சம்பளம் கொடுத்து ஆள் அனுப்புவார்களா? மாட்டார்கள் என்றால், அந்த நேரத்தையும் பணத்தையும் எங்கே செலவிட வேண்டும் என்பதை எதிராளியே நமக்கு எழுதிவைத்திருக்கிறான், பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு.