வாச்சாத்தி தரும் பாடம்

திருச்செங்கோட்டுச் சமவெளியில் வாழும் நாம் கொல்லிமலையின் மலையாளி மக்களை அறிவோம். அவர்கள் கேரளத்தார் அல்லர். மலையில் வாழ்வதால் அப்பெயர் பெற்ற தமிழ்ப் பழங்குடியினர். அவர்களுடைய இனத்தாரே சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியிலும் வாழ்கின்றனர். இன்று தருமபுரி மாவட்டத்தில் உள்ள அவ்வூரும் நமது ஊரும் 1965 வரை ஒரே சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை.

1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிற்று. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பையே குற்றமாக்கிய அச்சட்டம் 1952-இல் நாடு முழுவதும் ஒழிந்தது. ஆயினும், ஒரு கூட்டத்தையே சந்தேகிக்கும் மனப்பான்மை ஒழியவில்லை.

1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கடத்தலைத் தடுப்பதாகக் கூறி வனத்துறையினர், காவலர், வருவாய்த் துறையினர் வாச்சாத்திக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குழந்தைகளும் சிறை புகுந்தனர். எஞ்சியோர் மலைக்கு ஓடி ஒளிந்தனர்.

வனத்தைக் காப்பது நல்ல நோக்கந்தான். ஆனால் நல்ல நோக்கத்தின் பெயரால் ஓர் ஊரையே குற்றவாளியாக்கலாமா? ஆஸ்திரேலியாவிலும் இக்கேள்வி எழுந்தது. 2007-இல் வடக்கு ஆட்சிப்புலத்துப் பழங்குடிக் குழந்தைகளைக் காப்பதாகக் கூறி, அந்நாட்டு அரசு இராணுவத்தினரையும் அனுப்பியது. உதவித்தொகையில் பாதியை முடக்கியது. இதற்காக இனப்பாகுபாட்டுத் தடைச்சட்டத்தையே நிறுத்தி வைத்தது. அம்மக்களோடு மெய்யாகக் கலந்து பேசுங்கள் என்பதே, அரசு காரணமாகக் காட்டிய அறிக்கையின் முதற் பரிந்துரை. அதுதான் புறக்கணிக்கப்பட்டது.

வாச்சாத்திப் பெண்கள் அஞ்சி அடங்கிவிடவில்லை. பழங்குடியினர் சங்கத்தாரும் துணை நின்றனர். உயர் நீதிமன்ற ஆணைப்படி மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டிக்கப்பட்டனர். 2023-இல் அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. நீதி வந்தது, வந்து சேர முப்பத்தோர் ஆண்டுகள் ஆயின.

உயர்குலப் பெண்ணொருத்தி திருடியபோது, அவளுக்காகப் பரிந்து பேச வந்தவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். எளியோரைத் தண்டித்து வலியோரை விட்டுவிட்ட சமுதாயங்கள் அழிந்ததை நினைவூட்டினார்கள். குற்றம் செய்தவர் அதிகாரியாயினும் தண்டனைக்கு உரியவரே. குற்றம் செய்யாதவர் காட்டுவாசியாயினும் காக்கப்பட வேண்டியவரே. சந்தேகம் ஒரு கூட்டத்தின் மேல் விழுந்தால் என்ன நேரும் என்பதை நம் சமுதாயமும் அறியும். ஆகவே வாச்சாத்தியை நாம் மறத்தல் தகாது.