வோ நுயென் கியாப்

வோ நுயென் கியாப் (1911–2013), வியட்நாம் மக்கள் படையின் முதல் ஜெனரல். மத்திய வியட்நாமில் குவாங் பின் மாநிலத்தின் ஆன் சா கிராமத்தில் ஆகஸ்ட் 25 அன்று பிறந்தார். எந்த ராணுவக் கல்லூரியிலும் படித்தவரல்லர். ஹனோயில் சட்டம் படித்து, தாங் லாங் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக வேலை பார்த்தார். 1940இல் தலைமறைவாகச் சீனாவுக்குச் சென்றவர், அங்கே விடுதலை இயக்கத் தலைவர் ஹோ சி மின்னைச் சந்தித்தார். ஊரில் விட்டுச்சென்ற முதல் மனைவி, அப்போது வியட்நாமை ஆண்ட பிரெஞ்சு அரசின் சிறையில் உயிரிழந்தார். தந்தையும் பிரெஞ்சுக்காரர்களின் காவலில்தான் இறந்தார்.

1944 டிசம்பர் 22 அன்று, வியட்நாமின் காவ் பாங் காட்டில் 34 பேரைக் கொண்டு அவர் அமைத்த பிரச்சாரப் படைப்பிரிவுதான் பின்னாளில் வியட்நாம் மக்கள் படையாக வளர்ந்தது. மூன்றே நாளில் அது முதல் தாக்குதலை நடத்தியது. 1948இல் ஹோ சி மின் அவரை ஜெனரலாக உயர்த்தினார். 1951இல் செவ்வாற்றுச் சமவெளியில், வின் யென் உள்ளிட்ட இடங்களில் பிரெஞ்சுப் படையை நேருக்கு நேர் எதிர்த்துத் தோற்றார். பல்லாயிரம் பேரை இழந்தார். அந்தத் தோல்வியை ஒதுக்கிவிட்டு தியன் பியன் பூ வெற்றியைப் புரிந்துகொள்ள முடியாது.

தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் முகாமிட்டிருந்தார்கள். 1954 ஜனவரி பிற்பகுதியில் அதிரடியாகத் தாக்கி முடிப்பதென்று முடிவாகியிருந்தது. சீன ஆலோசகர்களும் முதலில் அதையே விரும்பினார்கள். கயிறு கட்டி மனிதர்களே இழுத்து, பீரங்கிகளை மலையேற்றியும் ஆகிவிட்டது. தாக்குதலுக்குச் சில மணி நேரமே இருந்தபோது கியாப் அதை நிறுத்தி, பீரங்கிகளைத் திரும்ப இறக்கச் சொன்னார். தன் வாழ்நாளில் எடுத்தவற்றிலேயே கடினமான முடிவு இதுதான் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ராணுவ வாழ்வில் அவர் செய்தவற்றுள் ஆகச் சிறந்ததும் அதுவே. அடுத்த வாரங்களில் மலைச்சரிவுகளைக் குடைந்து பீரங்கிகளை மறைத்தார்கள்; பதுங்குகுழிகளை முகாமை நோக்கி நீட்டினார்கள். அரிசியும் குண்டுகளும் சுமைகூலிகளின் தோளிலும், ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேல் தாங்கும்படி மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்களிலும் வந்தன. மார்ச் 13 அன்று தொடங்கிய தாக்குதல் மே 7 அன்று முடிந்தது. தளபதி டி காஸ்ட்ரி உட்படப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். ஜூலையில் ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தானது.

அமெரிக்கப் போர்க்காலத்தில் அவரே பாதுகாப்பு அமைச்சர். ஆனால் முழு அதிகாரமும் அவர் கையில் இல்லை. ஆளும் கட்சிக்குள் முதல் செயலாளர் லே ஸுவானின் பிரிவு ஓங்கியிருந்தது. 1968இல் தென்வியட்நாம் நகரங்களின் மீது டெட் தாக்குதல் தொடங்கியபோது சிகிச்சைக்காக ஹங்கேரியில் இருந்தார். 1975இல் தென்வியட்நாமின் தலைநகர் சைகோனைக் கைப்பற்றிய போர்முனையில் நின்றவர் அவரது சீடர் வான் தியென் சூங். இந்த வெற்றிகளுக்கு வியட்நாமியர் தந்த உயிர்விலை மிகப் பெரியது. கியாப்பைப் போற்றும் எவரும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

1980இல் அமைச்சர் பதவியும் 1982இல் அரசியல் குழு இடமும் போயின. அடுத்து அவருக்குக் கிடைத்த பொறுப்புகளில் ஒன்று குடும்பக் கட்டுப்பாட்டுக் குழுவின் தலைமை. தியன் பியன் பூவை வென்றவருக்கு அது அவமதிப்பு என்று பலர் வருந்தினார்கள். அவர் வெளிப்படையாக எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் 2009இல், 97 வயதில், மத்திய மேட்டுநிலத்தில் பாக்சைட் சுரங்கம் தோண்டும் திட்டத்தை நிறுத்தக் கோரி அரசுக்குக் கடிதம் எழுதினார். சுற்றுச்சூழல் பாழாகும், அங்கே வாழும் சிறுபான்மை மக்கள் பாதிக்கப்படுவார்கள் என்பது அவர் கவலை. அரசு திட்டத்தைக் கைவிடவில்லை.

2013 அக்டோபர் 4 அன்று ஹனோய் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். உடல் குவாங் பின் கடற்கரையில், வுங் சுவாவில் அடக்கம் செய்யப்பட்டது.