தொற்றுக் காலத்து நகைப்படங்கள்

துன்பம் வந்துற்றபோது நகைத்தலே அதனை வெல்லும் வழியென்று திருவள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ அதிகாரத்திற் கூறினார். நம் மக்கள் அவ்வறிவுரையைக் கைக்கொண்டனர் என்பதற்கு 2020-ஆம் ஆண்டே சான்றாகும்.

அவ்வாண்டு மார்ச்சு 20 முதல் திருமலையில் பக்தர்களின் தரிசனம் நிறுத்தப்பெற்றது. 25-ஆம் நாள் நாடு முழுதும் ஊரடங்கிற்று. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியே திருப்பதி சேரும் பாதையில் பயணிகள் வண்டியின் ஓசையே இல்லை. புகைவண்டி எழுத்தனாகிய யான் அத்தகைய அமைதியை அதற்குமுன் கண்டதில்லை.

அந்நாட்களில் நம் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு சென்றுவந்தவை கைப்பேசி வழி வந்த நகைப்படங்களே. இவற்றை ‘மீம்’ என்பர். ஒருவர் மனத்திலிருந்து மற்றொருவர் மனத்திற்குப் படியெடுத்தாற்போற் பரவும் கருத்துக்கு, ரிச்சர்டு டாக்கின்சு என்னும் உயிரியலறிஞர் 1976-இல் இட்ட பெயர் அது.

இவற்றுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஒரு திரைப்படக் காட்சி, அதனோடு இரண்டொரு வரி, அவ்வளவே. ‘பிரண்ட்ஸ்’ (2001) படத்தில் வடிவேலு ஏற்ற நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்ததை நாம் அறிவோம். அந்நேசமணிக்காக 2019 மே மாதத்தில் உலகெங்கும் வேடிக்கையாக வேண்டுதல் நடந்தது. அடுத்த ஆண்டில் அதே வடிவேலுவின் முகம் முகக்கவசத்தையும் கபசுரக் குடிநீரையும் பற்றிப் பேசலாயிற்று. காட்சியின் பழம்பொருளும் நோயின் புதுப்பொருளும் ஒரே முகத்தில் அமைவது சிலேடையன்றோ? அண்டை வீட்டுத் தெலுங்கர்க்குப் பிரமானந்தத்தின் முகம் அப்பணியைச் செய்தது. முகம் வேறு, அச்சம் ஒன்றே.

பொய் மருத்துவமும் இவ்வேடம் பூண்டு வந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும், தெலுங்குவழிப் பள்ளியிற் பயிலும் என் மகள் தமிழெழுத்தை முதன்முதல் கூட்டிப் படித்தது இப்படங்களிலேதான்.

முற்காலத்தும் இவ்வாறே நிகழ்ந்தது. 1876–78 தாதுவருடப் பஞ்சத்தைப் பற்றிக் கும்மி பாடினர். கொலை, புயல், பஞ்சம் முதலியவற்றைச் சிந்தாகவும் கும்மியாகவும் மலிவுத் தாளில் அச்சிட்டு விற்றனர். ‘குஜிலி நூல்கள்’ என்று கற்றோர் பலர் இகழ்ந்த அவற்றை இன்று வரலாற்றாசிரியர் தேடியலைகின்றனர். யாரோ சிலர் தாளைக் காத்து வைத்தமையால் அவை எஞ்சின.

நம் நகைப்படங்களுக்கோ தாளும் இல்லை. என் அலுவலகத் தோழர் ஒருவர் நாள்தோறும் காலையில் ஒரு படம் அனுப்பி எங்களைச் சிரிக்க வைப்பார். 2021 மே மாதத்தில் அவரையே அத்தொற்று கொண்டுபோயிற்று. அவர் அனுப்பியவை யாவும் என் பழைய கைப்பேசி பழுதானபோது அழிந்தன. அச்சிரிப்பில் ஒன்றைக்கூட அவர் மக்களுக்குக் காட்ட என்னிடம் இல்லை.

ஆகவே சங்கத்தாரை ஒன்று வேண்டுகிறேன். உங்களிடம் எஞ்சியுள்ள படங்களை அச்சிட்டு, வந்த நாளும், எப்படத்துக் காட்சி என்பதும், சிரித்த காரணமும் கீழே எழுதி, சங்க நூலகத்தில் ஒரு தொகுப்பாக வைப்போம். விளக்கமின்றேல் பின்வரும் பிள்ளைகளுக்கு அவை வெறும் முகங்களே. விளக்கத்தோடு வைத்தால், நாம் அஞ்சியதையும் அஞ்சியபடியே சிரித்ததையும் அவர்கள் அறிவர்.