பழைய விளக்கின் அகவை

நம் சங்க அறையின் கண்ணாடிப் பேழையில் அரிக்கேன் விளக்கு ஒன்று உள்ளது. தொண்ணூறு அகவை நிறைந்த நம்மூர்ப் பெரியவர் ஒருவர் அதனை அன்புடன் அளித்தார். ‘200 ஆண்டுகட்கு முற்பட்டது’ என்று யாரோ எழுதிய அட்டையும் அதனருகே வைக்கப்பட்டுள்ளது. வெள்ளி விழாவிற்கு வருவோர் அதனைப் படிப்பர். ஆதலின் அக்கூற்று மெய்தானா என்று ஆராய்வது நம் கடமையாயிற்று. நம் முன்னோர் தாமே எழுதிவைத்த ஆவணங்கள் மிகச் சிலவே. அவர்தம் கைபட்ட பொருள்களே நமக்குச் சான்றுகள். அச்சான்றினைப் பிழைபடப் படித்தால் மெய்யான வரலாறும் ஐயத்திற்கு இடமாகிவிடும்.

முதற்கண் எரிபொருளை நோக்குக. பண்டு ஆமணக்கெண்ணெயும் இலுப்பெண்ணெயும் அகல்களில் எரிந்தன. மண்ணெண்ணெய் விளக்கோ பிற்காலத்தது. போலந்து நாட்டு மருந்தாளர் இக்னாசி வூகாசியேவிச் ஆக்கிய மண்ணெண்ணெய் விளக்கு, 1853-ஆம் ஆண்டில், இன்று லிவிவ் எனப்படும் நகரின் மருத்துவமனையில் ஒளி தந்தது. 1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டி வெற்றி கண்ட பின்னரே அவ்வெண்ணெய் மலிவாயிற்று. இஃதொன்றே அட்டையின் கூற்றை மறுக்கப் போதுமானது.

அடுத்து உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காண்போம். அடியில் எண்ணெய்த்தொட்டி, அதன்மேல் திரியைத் தாங்கும் பர்னர், திரியை ஏற்றி இறக்கும் திருகு, சுடரைக் காக்கும் கண்ணாடி, இருபுறமும் தகரக் குழாய்கள், உச்சியில் புகைபோக்கி, தூக்குவதற்குக் கம்பிப்பிடி. இவற்றுள் காலம் கூறுவன பக்கக் குழாய்களே. அமெரிக்கரான ஜான் இர்வின் 1869-இல் குழாய் விளக்கிற்குக் காப்புரிமை பெற்றார். அதில் கண்ணாடியின்மேல் எழும் வெப்பக்காற்றின் ஒரு பகுதியே குழாய்வழி மீண்டும் சுடருக்கு வரும். 1873-இல் அவர் அதனைத் திருத்தினார். புகை நடுவே மேலேறிப் போக, புதிய குளிர்காற்று மட்டும் குழாய்வழி இறங்கியது, ஒளி மிகுந்தது. நம் விளக்கு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே அது 1873-க்கு முற்பட்டதாகாது.

தொட்டியின் விளிம்பில் மங்கிய எழுத்துகள் இருந்தன. மெல்லிய தாளை அதன்மேல் பரப்பிப் பென்சிலால் தேய்த்தபோது ‘மேட் இன் ஜெர்மனி’ என்னும் ஆங்கிலச் சொற்கள் தெளிந்தன. உற்பத்தியான நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் 1887-ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் குறிச் சட்டத்திற்குப் பின் பரவிற்று. 1949-இல் செருமனி இரு நாடுகளாகப் பிரிந்தபின், 1990 வரை, ‘மேற்கு செருமனி’ என்னும் குறியைப் பல பொருள்களில் காணலாம். நம் விளக்கில் ‘மேற்கு’ என்னும் சொல் இல்லை. பெரியவரோ, தாம் சிறுவராயிருந்தபோதே இவ்விளக்கடியில் அகரம் பயின்றதாகக் கூறுகின்றார். பகலெல்லாம் வயலில் உழைத்த தந்தையார், இரவில் அருகிருந்து திரியைத் திருத்துவாராம். பொறிப்பும் வாய்மொழியும் இங்கு ஒத்துநிற்கின்றன.

கண்ணாடியும் திரியும் பின்னர் மாற்றப்பட்டவை. ஓர் உறுப்பு புதிதாயிருப்பதால் விளக்கு முழுவதும் புதிதாகிவிடாது. ஓர் உறுப்பு பழையதாயிருப்பதால் முழுவதும் பழையதாகிவிடவும் செய்யாது.

இனி அட்டையில் ‘1887-க்குப் பின், 1949-க்கு முன்’ என்றே எழுதுவோம். ஆண்டுகள் குறைந்தமையால் பெருமை குறைந்ததாக இளைஞர்கள் எண்ணவேண்டா. இருநூறு ஆண்டு என்னும் கற்பனையைவிட, ஓர் உழவுத்தொழிலாளி தம் மகனுக்கு எழுத்தறிவிக்க ஏற்றிய விளக்கு இது என்னும் உண்மையே பெரிது. உங்கள் இல்லங்களிலும் இத்தகைய பொருள்கள் இருக்கலாம். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி எழுத்துகளை அழித்துவிடாதீர்கள். முதலில் படியுங்கள், வீட்டு முதியோரைக் கேளுங்கள், பின்னர் எழுதிவையுங்கள்.