குழந்தை மல்லாக்க உறங்கட்டும்: காலம் பிந்திக் கூட்டிய கணக்கு

புலம்பெயர் நாட்டில் புதிதாகப் பிள்ளை பிறந்த வீட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கும் தாதியினுடையது. மற்றது, பேறுபார்க்க ஊரிலிருந்து வந்த அம்மம்மாவினுடையது. தலையணை, ஏணை, கம்பளி என்று பலவற்றில் இருவரும் முரண்படுவார்கள். ஆனால் பிள்ளையை மல்லாக்கக் கிடத்த வேண்டும் என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். மேற்கு நாடுகள் அந்த இடத்துக்கு வந்துசேர அரை நூற்றாண்டு எடுத்தது.

ஆரோக்கியமாக இருந்த சிசு உறக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறப்பதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். பிரித்தானியாவில் தொட்டில் மரணம் என்ற பெயரும் உண்டு. பிறந்து முதல் ஆறு மாதங்களிலேயே இது அதிகம் நிகழ்கிறது.

மேற்கு நாடுகளில் ஒரு காலத்தில் குழந்தையைக் குப்புறக் கிடத்தும்படி வைத்தியர்களே சொன்னார்கள். அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் ஸ்பொக்கின் புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூலும் 1950களில் அதையே பரிந்துரைத்தது. மல்லாக்கக் கிடக்கும் குழந்தை சத்தி எடுத்தால் மூச்சடைக்கும் என்பதே காரணம். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. உண்மையில் மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலே வரும் பால் திரும்பக் கீழேதான் இறங்கும்.

1985இல் ஹொங்கொங்கிலிருந்து ஒரு வைத்தியர், அங்கே தொட்டில் மரணம் மிக அரிது என்று எழுதினார். சீனக் குடும்பங்கள் குழந்தையை மல்லாக்கவே கிடத்தும் வழக்கத்தையும் சுட்டிக்காட்டினார். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதியில் பீற்றர் பிளெமிங் குழுவினர் இறந்த குழந்தைகளையும் அதே வயதுடைய நலமான குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். குப்புறக் கிடத்திய குழந்தைகளுக்கு ஆபத்து ஏறத்தாழ ஒன்பது மடங்கு என்று 1990இல் வெளியிட்டார்கள். நியூசிலாந்து ஆய்வும் அதே திசையைக் காட்டியது. 1991இல் தன் மகனை இப்படி இழந்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் குரல் எழுப்ப, அந்த ஆண்டு டிசம்பரில் பிரித்தானியாவில் பிரசாரம் தொடங்கியது. அதன்பின் அங்கே இந்த மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டன. புதிய மருந்து எதுவும் வரவில்லை. படுக்கும் விதம்தான் மாறியது.

கணக்கு வேலை செய்தவன் என்ற முறையில் என்னை நிறுத்தி வைத்தது 2005இல் வந்த இன்னோர் ஆய்வு. ரூத் கில்பர்ட்டும் அவரது குழுவினரும் பழைய ஆய்வுகளை எல்லாம் ஆண்டு வரிசையில் கூட்டிப் பார்த்தார்கள். 1970இலேயே, அன்றிருந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தால், ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது தெரிந்திருக்கும். அப்படிச் செய்திருந்தால் பிரித்தானியாவில் 10,000க்கு மேற்பட்ட, ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்தில் மொத்தமாகக் குறைந்தது 50,000 குழந்தைகளின் மரணத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்களது மதிப்பீடு. பதிவுகள் எல்லாம் கையில் இருந்தன. கூட்டுத்தொகை போட ஆள் இல்லை.

ஆகவே இன்றைய அறிவுரைகளை வெள்ளைக்காரரின் வழக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். அவை இப்படிக் கூட்டி எடுத்த விடைகள்:

- பகலோ இரவோ, ஒவ்வொரு உறக்கத்துக்கும் மல்லாக்கக் கிடத்துங்கள். பக்கவாட்டில் கிடத்தினால் குப்புறப் புரளலாம்.
- மெத்தை உறுதியாகவும் சமமாகவும் இருக்கட்டும். தலையணை, பக்கத் தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம். ஏணையில் முதுகு வளைந்து நாடி நெஞ்சில் முட்டக்கூடும். இரவு உறக்கத்துக்கு அது ஏற்றதல்ல.
- குளிர் நாடென்று அளவுக்கு மீறிப் போர்த்தாதீர்கள். அறை 16 முதல் 20 பாகை வரை இருந்தால் போதும். வீட்டுக்குள் உறங்கும்போது தொப்பி வேண்டாம்.
- முதல் ஆறு மாதம் உங்கள் அறையிலேயே, தனிக் கட்டிலில் உறங்கட்டும். சோபாவில் பிள்ளையோடு உறங்குவது மிக ஆபத்து.
- கர்ப்ப காலத்திலும் பிறகும் புகை வேண்டாம். தாய்ப்பால் ஆபத்தைக் குறைக்கிறது.

தலை தட்டையாகும் என்று பயப்படும் பெரியவர்களுக்கு ஒரு வழி உண்டு. விழித்திருக்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளையைச் சிறிது நேரம் குப்புற விடுங்கள். கழுத்தும் பலப்படும். மூச்சைக் கண்காணிப்பதாக விற்கப்படும் கருவிகள் இந்த மரணத்தைத் தடுக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை. அவற்றை நம்பி மேற்சொன்னவற்றைக் கைவிடக்கூடாது. குறைமாதத்தில் பிறந்த அல்லது நோயுள்ள குழந்தை என்றால் உங்கள் வைத்தியர் சொல்வதே முதன்மையானது.

அம்மம்மா பிள்ளையை மல்லாக்கக் கிடத்தச் சொன்னதை ஆய்வு உறுதி செய்தது. அவர் வைக்கும் தலையணையை அதே ஆய்வு ஏற்கவில்லை. இரண்டையும் மரியாதையோடு அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைக்காக அவர் கேட்டுக்கொள்வார்.