மூன்று மாத வேலைக்கு வந்த முதலாளி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஐலா என்றொரு தீவு. ஜான்ஸ்டன் சகோதரர்களான டொனால்டும் அலெக்ஸாண்டரும் அங்கே கடலோரத்தில் மாடு வளர்த்துவந்தார்கள். தீவனத்துக்காக விளைவித்த பார்லியில் மிஞ்சியதை வாலையில் இட்டு வடித்தார்கள். மாட்டைவிட அதில் வருமானம் அதிகம் என்று தெரிந்தது. 1815இல் முறையான வடிசாலையே எழுந்துவிட்டது. 1836இல் 350 பவுண்டுக்குத் தன் பங்கை விற்றுவிட்டு அலெக்ஸாண்டர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். தனி முதலாளியான டொனால்ட், 1847இல் பாதி தயாரான சரக்குத் தொட்டிக்குள் தவறி விழுந்து இறந்துபோனார். வாரிசான மகன் டூகல்டோ பள்ளிச் சிறுவன்.

டூகல்ட் ஆளாகும்வரை வடிசாலையை நடத்திக் கொடுத்தவர் பக்கத்து லாகவூலின் வடிசாலைக்காரர். அந்த நல்லுறவு அடுத்த நூற்றாண்டில் நீடிக்கவில்லை. பல காலம் விற்பனை உரிமையைக் கையில் வைத்திருந்த லாகவூலினின் பீட்டர் மேக்கியிடமிருந்து ஜான்ஸ்டன் குடும்பம் அதைத் திரும்பப் பெற்றது. மேக்கிக்கு அடங்காத ஆத்திரம். வடிசாலைக்குத் தண்ணீர் தரும் ஓடையைக் கல் போட்டு அடைக்கச் செய்தார்.

நீதிமன்றம் தலையிட்டபின் தண்ணீர் திரும்பியது. மேக்கி அப்போதும் விடவில்லை. 1908இல் தன் வளாகத்துக்குள்ளேயே ‘மால்ட் மில்’ என்ற போட்டி வடிசாலையைக் கட்டினார். அச்சு அசலாக ஜான்ஸ்டன் வடிசாலையின் அதே வடிவ வாலைகள். சரக்கு காய்ச்சுவதில் கைதேர்ந்த ஆளையும் அங்கிருந்தே இழுத்துவந்தார். எல்லாம் இருந்தது, அந்தச் சுவை மட்டும் வரவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தோல்வி இதுதான்.

அதே 1908இல் ஐலாவுக்கு வந்தவர் ஜான்ஸ்டன் குடும்பத்தின் கடைசி வாரிசு இயன் ஹண்டர். 1920இல் அமெரிக்கா மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது பல வடிசாலைகள் தடுமாறின. ஹண்டரின் சரக்கிலோ பீட் எனும் சதுப்புநிலக் கரியின் புகையும் அயோடின் நெடியும் தூக்கலாக இருந்தன. மருந்து என்ற பெயரிலேயே அது அமெரிக்காவுக்குள் நுழைந்தது! தொழில் வளர்ந்தது, ஆனால் ஹண்டருக்குப் பிள்ளைகள் இல்லை.

1934இல் கிளாஸ்கோவிலிருந்து பெஸ்ஸி வில்லியம்சன் என்ற இளம் பட்டதாரி வந்தார். கோடைக்காலத்தில் மூன்று மாதம் அலுவலக வேலை, அவ்வளவுதான் ஏற்பாடு. அந்த மூன்று மாதம் முடியவே இல்லை. 1938இல் ஹண்டர் பக்கவாதத்தால் முடங்கவே, யாரிடமும் வாய்திறக்காத தொழில் ரகசியங்களைப் பெஸ்ஸியிடம் ஒவ்வொன்றாக ஒப்படைத்தார். உலகப் போரின்போது ராணுவம் வளாகத்தில் வெடிமருந்தைக் குவித்தது. அப்போதும் பெஸ்ஸி வாலைகளைக் காத்து நின்றார். 1954இல் ஹண்டர் இறந்தார். உயிலைத் திறந்து பார்த்தால், வடிசாலை பெஸ்ஸிக்கு!

பெரும்பாலும் ஆண்களே ஆண்ட ஸ்காட்ச் உலகில் ஒரு பெண் முதலாளி. விரிவாக்கத்துக்குப் பணம் வேண்டியிருந்ததால், 1960களில் லாங் ஜான் நிறுவனத்துக்குப் பங்குகளைப் படிப்படியாக விற்றார். விற்றபிறகும் நிர்வாகம் அவர் கையில்தான். 1972இல்தான் ஓய்வு பெற்றார்.

அதன்பின் விட்பிரெட், அலைடு, அமெரிக்காவின் ஃபார்ச்சூன் பிராண்ட்ஸ் என்று வடிசாலை கைமாறிக்கொண்டே போனது. 1994இல் இளவரசர் சார்லஸ் தன் அரச முத்திரையை வழங்கிய அந்த விஸ்கி, புகை நெடிக்குப் பேர்போன லாஃப்ராய்க். 2014 முதல் அதன் உரிமையாளர் ஜப்பானின் சன்டோரி. பார்லியின் ஒரு பகுதியை இன்றும் அதே வடிசாலையில் தரையில் பரப்பி முளைகட்டி, ஐலாவின் பீட் புகையில்தான் உலர்த்துகிறார்கள்.